குச்சியை அளந்து பாருங்க!

ஸ்நூக்கர் லண்டன் சரக்கா? இல்லை சார்! 1875-ல் ஜபல்பூரில், சேம்பர்லின் என்ற வெள்ளைக்கார ஆபீசர் பொழுது போகாமல் உண்டாக்கியது. 1880-களில் விதிமுறை எழுதி மாட்டியது நம்ம ஊட்டி கிளப்பில்.

தேவதானப்பட்டியில் ஸ்நூக்கர் பார்லர் திறக்கத் துடிக்கிறான் என் மச்சினன். முதலீடு? அவன் அக்கா வளையல். அதாவது, என் சம்பளம்!

கணக்குப் போட்டேன். மேஜை 12-க்கு 6 அடி. குச்சியோ கிட்டத்தட்ட அஞ்சடி. சுவரைக் குத்தாமல் ஆட, 22-க்கு 16 அடி ரூம் வேணும். மேஜைக்குள்ளே ஸ்லேட் கல். எடை ஒரு டன்னுக்கு மேல். மாடி தாங்குமா, கேட்டுக்கணும்.

இத்தனைக்கும் ஆடறது ரெண்டு பேர், வேடிக்கை பார்க்கிறது இருபது பேர். ஆசையுள்ள தம்பிகளே, வாசல்ல முதல்ல டீ பாய்லரைப் போடுங்க. வாடகையைக் கட்டப்போவது அந்த இருபது பேர்தான்!