பிழைக்க ஓர் இடம்



சென்ற மாதம் எமது கல்லூரியிற் பௌதிகச் செய்முறை வகுப்பொன்று நடைபெற்றது. எளிய ஊசலின் துணைகொண்டு புவியீர்ப்பினாலாகும் ஆர்முடுகலைக் கணித்தறிவதே அன்றைய வேலை. நூலிற் கட்டிய குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுகளை எண்ணி, அவற்றுக்குச் சென்ற நேரத்தைக் குறித்தல் வேண்டும். மணி அடிப்பதற்கு முன்னரே முப்பது கொப்பிகள் எமது மேசைக்கு வந்து சேர்ந்தன. முப்பதிலும் விடை ஒன்றே: 9.8. காற்று வீசும் சாளரத்தின் அருகே, வழுக்கும் முடிச்சையும் பழைய நிறுத்தற் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, முப்பது பிள்ளைகளும் இத்துணைத் துல்லியமாக அளந்தனர் என்று நம்புவதற்கு நாம் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவரல்லோம். ஒரு மாணவனைத் தனியே அழைத்து வினவினோம்.

"சேர், எனக்கு வந்தது 10.9. பிழையென்றால் புள்ளி குறையும் என்று பயந்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குச் செய்து நேரத்தை மாற்றி எழுதினேன்" என்று தலை குனிந்து கூறினான்.

கோபிக்க வாயெடுத்தோம்; சொல் வரவில்லை. அவனை அவ்வாறு எழுதச் செய்தவர் யார் என்னும் வினா எம்மையே திரும்பி நோக்கியது. இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையினாற் பிழைகளை வட்டமிட்டு வருபவர் நாமன்றோ?

அன்றிரவு, நாம் சில காலமாக ஆர்வத்தோடு படித்துவரும் ஒரு விடயம் புதுப்பொருள் கொண்டு நினைவுக்கு வந்தது. மேலைநாடுகளிற் சிலர், தம் வீட்டின் கார்க் கொட்டிலிலோ வெறுமையாய்க் கிடக்கும் அறையிலோ, விமானி அமரும் கூடத்தை அளவு பிசகாமற் கட்டி வைத்திருக்கின்றனர். அதற்கு இறக்கை இல்லை, எஞ்சின் இல்லை, நிலத்தை விட்டு ஓர் அங்குலமும் எழாது. ஒட்டுப்பலகையாற் செய்த அப்பெட்டிக்குள் அமர்ந்து பிடியை அசைத்தால், எதிரேயுள்ள கணினித் திரையில் வானமும் பூமியும் சாய்கின்றன. படைகளிற் புதியவர்க்குப் பறக்கக் கற்பித்த பழைய பயிற்சி விமானங்களையே விரும்பிக் கட்டுவோரும் இவர்களுள் உளர். வேலையற்றோரின் விளையாட்டு என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆயின், இவ்விளையாட்டின் வரலாற்றை அறிந்தபின் அவ்வாறு தள்ளிவிட மனம் வரவில்லை.

பறப்பதைப் பறந்தே பழகவேண்டிய காலம் ஒன்று இருந்தது. நீந்தப் பழகுபவன் கரையோரத்தில் முழங்காலளவு நீரில் நின்று தொடங்கலாம். வானத்துக்கோ கரையோரம் கிடையாது. முதல் நாளே ஆழந்தான். 1910 ஆம் ஆண்டளவிற் பிரான்சில், அந்துவானெற் என்னும் விமானத்தை ஓட்டப் பழகுவோர்க்காகப் பீப்பாயின் இரு பாதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினர். மேற்பாதியில் மாணவன் அமர்வான். பக்கத்தில் நிற்போர் அதனைக் கையாற் சாய்த்து ஆட்டுவர். அவன் அதனை நிமிர்த்தப் பழகவேண்டும். காண்பதற்கு நகைப்பாயினும், வானத்துக்கு ஒரு கரையோரம் அமைக்க முயன்ற முன்னோடிகளுள் அப்பீப்பாயும் ஒன்று.

அம்முயற்சியைப் பயன் பெறச் செய்தவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன் நகரில் அவர் தந்தையார் பியானோக்களும், திரையரங்குகளில் வாசிக்கும் ஓர்கன் வாத்தியங்களும் செய்யும் தொழிற்சாலையொன்றை நடத்தினார். 1920 ஆம் ஆண்டில் லிங்க், பதினாறு வயது இளைஞராய், 50 டொலர் கொடுத்துத் தம் முதற் பறத்தற் பாடத்துக்குச் சென்றார். ஆசான் வானிற் குட்டிக்கரணங்கள் போட்டுக் காட்டினாரேயன்றி, மாணவனின் கை பிடியைத் தொடவும் விட்டாரில்லை. அந்த ஏமாற்றத்தை லிங்க் மறக்கவில்லை. பின்னாளில், ஓர்கன் வாத்தியத்துக்கு மூச்சுக் கொடுக்கும் துருத்திகளையும் காற்றுப் பம்பியையும் எடுத்து, சிறிய விமான உருவொன்றின் கீழே பொருத்தினார். பிடியை அசைத்தால் ஒரு துருத்தி உப்பும், மற்றொன்று சுருங்கும், மேலுள்ள உரு சாயும். 1929 ஆம் ஆண்டில் அப்பொறி நிறைவுற்றது.

படையினர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. களியாட்டுப் பூங்காக்களே காசு போட்டு ஆடும் வேடிக்கையாக அதனை வாங்கின. 1934 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிலைமை மாறிற்று. அமெரிக்க அரசு விமானத் தபாற் சேவையைத் தனியார் கம்பனிகளிடமிருந்து மீட்டு, இராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தது. கடுங் குளிர், மூடுபனி, இரவுப் பயணம். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவர்களுட் பலருக்குப் போதாதிருந்தது. சில மாதங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட விமானிகள் மாண்டனர். அதன் பின்னரே அப்பூங்கா விளையாட்டின்மேல் அதிகாரிகளின் பார்வை விழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், ஒன்று 3,500 டொலராக ஆறு பொறிகள் வாங்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பொறிகள் செய்யப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அவற்றிற் பழகினர் என்பர்.

நீல உடலும் மஞ்சள் இறக்கையும் பூண்ட அப்பெட்டியின் மூடியை இறக்கினால், மாணவனுக்கு வெளியுலகம் மறைந்துவிடும். கருவிகளின் முட்களைப் பார்த்தே அவன் வழி காணவேண்டும். வெளியே ஆசிரியரின் மேசையில், மூன்று சக்கரமுள்ள சிறு பொறியொன்று அவன் சென்ற பாதையை வரைபடத்தின் மேல் மையினாற் கீறிச் செல்லும். மாணவன் மலையில் மோதினால் என்ன நிகழும்? மூடியைத் திறந்துகொண்டு வெளியே வருவான். ஆசிரியர் மையிற் கீறிய பாதையைக் காட்டி, "இந்த இடத்தில் நீ தவறினாய்" என்பார். அவன் மீண்டும் உள்ளே சென்று அமர்வான்.

தமிழிலே பிழைத்தல் என்னும் சொல்லுக்குத் தவறுதல் என்றும் உயிர் வாழ்தல் என்றும் இரு பொருள் உண்டு. அப்பெட்டிக்குள் அவ்விரண்டும் ஒன்றாயின: பிழைத்தவன் பிழைத்தான்.

இன்று வீடுகளிற் கட்டப்படுவன அந்நீலப் பெட்டியின் பேரப்பிள்ளைகள் எனலாம். சிப்மங்க் என்னும் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். முதுகிற் கோடுள்ள, அணில் இனத்துச் சிறு பிராணியொன்றின் பெயர் அது. யாக்கிமியுக் என்னும் போலந்து நாட்டுப் பொறியியலாளர் வடிவமைக்க, கனடாவின் ரொறன்ரோ நகரருகே 1946 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் திகதி அது முதன்முதற் பறந்தது. 145 குதிரை வலுவுள்ள எஞ்சின். முன்னும் பின்னுமாக இரண்டே ஆசனங்கள். மாணவன் முன்னே அமர, ஆசிரியர் பின்னே அமர்வார். பிரித்தானிய விமானப் படை நெடுங்காலம் அதனைக் கொண்டே புதியவரைப் பயிற்றியது. 1951 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச இலங்கை விமானப் படை முதலிற் பெற்ற பயிற்சி விமானமும் அதுவே. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை அறிந்த எம் வாசகர்க்கு, இவ்வணிலின் தொண்டும் சிறிதாகத் தோன்றாது.

இதனை வீட்டிற் கட்டுபவர் முதலிற் பலகை வாங்குவதில்லை. கதிரையில் அமர்ந்து, சுற்றிலும் கடதாசி மட்டைகளை வெட்டி நிறுத்தி, எந்தப் பிடி கைக்கு எட்டும், எந்த மிதி காலுக்கு எட்டும் என்று பார்க்கின்றார். அதன் பின்னரே ஒட்டுப்பலகையை அறுக்கின்றார். முன்பலகையில் வட்டத் துளைகளை வெட்டிப் பின்னால் ஒரு கணினித் திரையை வைத்தால், வேகமானி, உயரமானி, செயற்கை அடிவானம் முதலிய ஆறு முதன்மைக் கருவிகளும் துளைகளின் ஊடே தோன்றும். பிடியின் அடியில், அது திரும்புந்தோறும் திரும்பும் மாறும் தடையொன்றைப் பொருத்துகின்றார். பிடி சாய அழுத்தம் மாறும். 2005 ஆம் ஆண்டில் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகை, அம்மாற்றத்தைப் பூச்சியம் முதல் 1023 வரையான எண்ணாக வாசித்துக் கணினிக்குச் சொல்லும். பறத்தலைக் காட்டும் நிரலுக்கும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. பிளைட்கியர் என்பதனை எவரும் இலவசமாகப் பெறலாம். எம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் ஓமின் விதி அங்கே ஓர் இறக்கையைச் சாய்க்கின்றது.

கட்டும்போதே கற்கவும் நேர்கின்றது. சிப்மங்கின் இடப்புறத்தில் ஒரு தடுப்புப் பிடி உண்டு. சிறிது இழுத்துப் பற்களில் மாட்டி வைத்தால், காலால் மிதிக்கும் பக்கத்துச் சக்கரம் மாத்திரம் தடைபட்டு, விமானம் நிலத்தில் திரும்ப உதவும். தரையிறங்கும் முன் அதனை முற்றாக விடுவித்தல் வேண்டும். மறந்தால் விமானம் மூக்குக் குப்புற விழக்கூடும். இதனைப் புத்தகத்தில் வாசித்தவன் மறக்கலாம். அப்பற்களைத் தன் கையால் அராவிச் செய்தவன் மறப்பானோ? இன்னும் ஒன்று. எஞ்சினை முடுக்கியதும் சிப்மங்கின் மூக்கு வலப்புறம் ஓடப் பார்க்கும். இடக்கால் அதனைத் தடுக்கவேண்டும். முதல் நாள் அவர் வலப்பக்கப் புல்வெளியிற் போய் நிற்பார். பல நாள் அவ்வாறு போய் நின்றபின், அவருடைய இடக்கால் எவரும் சொல்லாமலே முன்னே செல்லும்.

இனி, இதன் குறையையும் மறையாது கூறவேண்டும். விமானத்தின் மூக்கு உயர்ந்து வேகம் குறைந்தால், இறக்கைகள் காற்றின் தாங்கலை இழக்கும். அப்போது ஒரு பக்கம் முந்தி விழ, விமானம் சுழன்று சுழன்று கீழிறங்கும். மீள்வதற்குச் சுழற்சிக்கு எதிர்ப்புற மிதியை முழுதும் அழுத்திப் பின்னர்ப் பிடியை முன்னே தள்ளவேண்டும். சிப்மங்கில் அதனை எல்லை வரைக்கும் தள்ள நேரிடலாம். காற்றின் எதிர்ப்பால் நடுவழியிலேயே பிடி கனக்கும். எல்லை வந்துவிட்டதென்று மயங்கிக் கையைத் தளர்த்தும் மாணவனுக்கு அதுவே இறுதிப் பிழையாகக் கூடும். ஆதலின், சுழற்சி நிற்கும்வரை பிடியை முழுதும் முன் தள்ள வேண்டியிருக்கலாம் என்னும் எச்சரிக்கையை விமானிக்கு முன்னேயே பொறித்து வைத்தனர். மீட்சியை எளிதாக்குதற்கு வாலிறக்கைக்கு முன்னே நீண்ட தகடுகளையும் பொருத்தினர்.

வீட்டுப் பெட்டியிலோ, மெல்லிய சுருள்வில் மாட்டிய பிடியை இரு விரலால் எல்லைவரை தள்ளிவிடலாம். அதை மாத்திரம் பழகியவன் உண்மை விமானத்தில் அமர்வானாயின், பெட்டி அவனுக்குப் பொய்யைக் கற்பித்ததாகும். நேர்மையுள்ளோர் கனத்த வில்லைத் தேடி மாட்டுகின்றனர். அப்போதும் வயிற்றைப் பிசையும் அச்சம் அங்கே வருவதில்லை. மேலும், ஒரு பொத்தானை அழுத்தினால் விபத்து மறைந்து, விமானம் மீண்டும் ஓடுபாதையிற் புதிதாய் நிற்கின்றது. எங்கே தவறினோம் என்று எண்ணாது அப்பொத்தானையே அழுத்திக்கொண்டிருப்பவன், நூறு முறை விழுந்தும் ஒன்றும் கல்லாதவனாவான்.

லிங்கின் பெட்டியில் ஆசிரியரின் மேசைக்கு இருந்த சிறப்பு இதனால் விளங்கும். அங்கே பிழைக்குத் தண்டனை இல்லை. ஆயின் பிழையின் தடம் அழிவதுமில்லை. பிழை உயிரைக் கொள்ளவும் கூடாது. ஒன்றும் சொல்லாமல் மறைந்துபோகவும் கூடாது. நாமோ எம் வகுப்பில் இதற்கு நேர்மாறாகச் செய்துவந்தோம். பிழைக்குத் தண்டனை வைத்தோம். ஆகவே பிள்ளைகள் தடத்தை அழிக்கக் கற்றுக்கொண்டனர்.

மறு வாரம் அம்மாணவனை மீண்டும் அழைத்தோம். புள்ளி இல்லை, சிவப்பு மை இல்லை என்று வாக்களித்து, தனக்கு 10.9 வந்த அதே முறையிற் செய்து காட்டச் சொன்னோம். குண்டை விட்டான், விட்ட கணத்திலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினான். நாம் வாய் திறக்கவில்லை. "இருபது" என்று நிறுத்தியவன், கடிகாரத்தைப் பார்த்தான், ஊசலைப் பார்த்தான், விரல்களை மடக்கி எண்ணினான்.

"சேர், இருபது எண்ணினேன், ஆனால் ஆடினது பத்தொன்பது தானே!"

பத்தொன்பது அலைவின் நேரத்தை இருபதாற் பிரித்தால் விடை ஏறத்தாழ 10.9 தான் வரும். அவனுடைய அளவை சரி. எண்ணத் தொடங்கிய இடமே தவறு. அவன் அழித்தெழுதிய எண்ணுக்குள்ளேதான் அன்றைய பாடம் முழுவதும் கிடந்தது. 9.8 என்று எழுதிய கொப்பியிலோ ஒன்றுமே இல்லை.

இப்போது எமது செய்முறைக் கொப்பிகளின் இடப்பக்கத்துக்குப் புள்ளி கிடையாது. கிடைத்த எண்ணை அழிக்காமல் அங்கே எழுதவேண்டும் என்பது மாத்திரமே விதி. சென்ற கிழமை வந்த கொப்பிகளில் 9.2 உம் 10.4 உம், யாரோ ஒருவருடைய 14 உங்கூடக் காணப்பட்டன. அந்தப் பதினான்கு எவ்வாறு வந்ததென்று நாளை அவருடன் இருந்து பார்க்கவேண்டும்.