வாளைக் கண்டோம், சூதைக் காணவில்லை

 

காணொளி விளையாட்டுகளைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு கருத்துகளே உலவுகின்றன. ஒன்று பயான் மேடையில் ஒலிப்பது: அனைத்தும் வீண், அனைத்தும் ஹராம், வாளும் இரத்தமுமாகப் பிள்ளைகளின் உள்ளம் கெடுகிறது. மற்றொன்று வீட்டுக் கூடத்தில் ஒலிப்பது: பிள்ளை வெளியில் திரியாமல் கண்முன்னே இருக்கிறான், விளையாட்டுத்தானே, போகட்டும். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே பிள்ளையின் கையிலுள்ள திரைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தப் பாராமுகத்தின் மறைவில்தான், மார்க்கம் பெயர் சொல்லித் தடுத்த ஒன்று நம் வீடுகளுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

எட்டிப் பார்ப்போம். வாளேந்திய வீரன் ஒருவனைப் பிள்ளை இயக்குகிறான். தனியாக வரும் எதிரியை அவன் எளிதில் வீழ்த்துகிறான். ஐவர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டால் திணறுகிறான். ஒருவனைத் தடுக்கும்போது மற்றொருவன் முதுகில் வெட்டுகிறான், வீரன் மடிகிறான், மீண்டும் முதலிலிருந்து. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் இந்தக் கூட்டச் சண்டை. அந்த இடத்தில் விளையாட்டு பிள்ளைக்கு என்ன விடை தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடினத்திற்குப் பெயர்போனது. விலை கொடுத்து ஒருமுறை வாங்கினால் போதும். சண்டையின் நடுவே கடை விரிப்பவர் எவருமில்லை. கூட்டத்தில் சிக்கித் தோற்கும் பிள்ளைக்கு அது தரும் விடை: பின்வாங்கு, இடத்தைக் கவனி, கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து இழு, அவனை முடித்துவிட்டு அடுத்தவனைப் பார். தோல்வியின் விலை நேரமும் பொறுமையும் மட்டுமே. அதனால் அது ஹலால் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அதன் கற்பனைத் தெய்வங்களைப் பற்றியும், அது விழுங்கும் மணிநேரங்களைப் பற்றியும் ஆலிம்கள் பேசட்டும், பேச வேண்டும். ஆனால் அதில் குலுக்கல் இல்லை.

இப்போது 2020 செப்டம்பரில் வெளிவந்த கென்ஷின் இம்பாக்டைப் பாருங்கள். கைபேசியிலேயே விளையாடலாம், நுழைவுக்குக் கட்டணமில்லை. அதில் ஸ்பைரல் அபிஸ் என்றொரு பகுதி உண்டு. அலை அலையாக எதிரிகள் வருவார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், எவ்வளவு விரைவில் முடிக்கிறோமோ அவ்வளவு நட்சத்திரம், அதற்கேற்ற பரிசு. சிதறி நிற்கும் எதிரிகளை ஒவ்வொருவராகத் துரத்தினால் நேரம் போய்விடும். அவர்களை ஒரே இடத்தில் சுருட்டிச் சேர்த்துவிட்டால் வேலை எளிது. அப்படிச் சேர்ப்பதில் பெயர்பெற்ற பாத்திரங்கள் உண்டு. வென்டி, கசுஹா ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர்கள். அவர்களை எப்படிப் பெறுவது? குலுக்கலில்.

அந்தக் குலுக்கலின் கணக்கை நிறுவனமே வெளியிட்டுள்ளது. ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, ஆயிரத்துக்கு ஆறு. 90ஆம் குலுக்கலுக்குள் ஒன்று உறுதி என்பார்கள். ஆனால் அது பிள்ளை விரும்பிய பாத்திரமாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வேறொன்று விழுந்துவிட்டால், மேலும் 90 குலுக்கல்கள் வரை செல்ல நேரிடலாம். ஆக மொத்தம் 180. ஒரு குலுக்கலுக்கு 160 மணிகள் வீதம், 28,800 மணிகள். விளையாடி ஈட்டும் மணிகள் அதற்குப் போதாதபோது, கடை திறந்தே இருக்கிறது.

நம் டெல்டா மக்களுக்கு இதை வேறு வகையில் சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு விழுக்காட்டுக்காக விவசாயி களத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்துக் கிடக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் வந்து, "வாய் தைத்த ஆயிரம் மூட்டைகள் இருக்கின்றன, ஆறில் நெல், மற்றவற்றில் பெரும்பாலும் பதர், பிரித்துப் பார்க்கக்கூடாது, பணத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றை எடு" என்றால் என்ன செய்வோம்? அய்யம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் அவனை ஊருக்குள் நுழையவிட மாட்டோம். அதே வாணிபத்தை வண்ண ஒளியோடும் இசையோடும் ஒருவன் பிள்ளையின் கையில் கொடுத்தால், விளையாட்டுத்தானே என்கிறோம்.

இது சூதாட்டமன்று என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுடைய முதல் வாதம்: ஒவ்வொரு குலுக்கலிலும் ஏதேனும் ஒரு பொருள் கிடைக்கிறது, வெறுங்கையோடு எவரும் திரும்புவதில்லை, எனவே இது வியாபாரம். இவர்கள் ஹதீஸ் நூல்களில் வியாபாரப் பாடத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். கல்லெறி வியாபாரத்தையும் ஏமாற்றம் பொதிந்த வியாபாரத்தையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கல்லெறி வியாபாரத்திற்கு அறிஞர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று: ஆடைகளைப் பரப்பி வைத்துக் கல்லை எறிவது, கல் எந்த ஆடைமீது விழுகிறதோ அது வாங்குபவருக்கு. கவனியுங்கள், அங்கும் வாங்குபவர் வெறுங்கையோடு திரும்பவில்லை, ஓர் ஆடை கிடைத்தது. இருந்தும் தடுக்கப்பட்டது. எதை வாங்குகிறோம் என்பதைக் கல்லிடம் விட்டதே குற்றம். கல் இன்று கணினிக் கணக்காக மாறியிருக்கிறது, வேறெதுவும் மாறவில்லை.

இரண்டாம் வாதம்: இதில் நன்மைகளும் உண்டு, திட்டமிடலும் விடாமுயற்சியும் வளர்கின்றன. இருக்கட்டும். அறியாமைக் காலத்து மைசிர் எப்படி ஆடப்பட்டது? ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, குறியிட்ட அம்புகளைப் பையிலிட்டு உருவினார்கள். சில அம்புகளுக்குப் பங்கு உண்டு; சில வெறும் அம்புகள். வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கியதாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அதில் மனிதர்களுக்குப் பயன் உண்டென்பதை அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனமே ஒப்புக்கொள்கிறது; ஆனால் பாவம் பயனைவிடப் பெரிது என்று அறுதியிடுகிறது. ஏழையின் வயிறு நிறைந்த சூதையே மார்க்கம் விட்டுவைக்கவில்லை. எவர் வயிற்றையும் நிரப்பாத இந்த அம்புப் பையை மட்டும் விட்டுவைக்குமா?

மூன்றாம் வாதம் பிள்ளைகளிடமிருந்து வருவது: நாங்கள் காசு போடுவதில்லை, இலவசமாகக் கிடைப்பதைக் கொண்டே குலுக்குகிறோம். பலர் விஷயத்தில் இது உண்மை. திறமையால் மட்டுமே அந்த அடுக்குகளைக் கடப்போரும் உண்டு. காசு போடாத பிள்ளையைச் சூதாடி என்று பழிப்பது அநீதி. ஆனால் இலவசக் குலுக்கல் எதற்காக வழங்கப்படுகிறது? பை அவிழும் அந்த நொடியின் படபடப்பைப் பழக்குவதற்காக. "வா, சூதாடுவோம்" என்று தோழனிடம் வாயால் சொன்னவர்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அழைப்பையே இவ்வளவு கடுமையாகக் கருதிய மார்க்கத்தில், அன்றாடப் பயிற்சியை எப்படி இலேசாகக் கருதுவது?

அரசு பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி இருக்கவும் இயலாது. தமிழகத்தில் பரிசுச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராக மாநிலம் 2022இல் சட்டம் இயற்றியது; நடுவண் அரசு 2025இல் இயற்றியது. இவற்றின் பார்வை, பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்கள்மீதே முதன்மையாகப் பதிந்திருக்கிறது. குலுக்கலில் விழும் பாத்திரம் காசாக மாறுவதில்லை. எனவே வலையின் கண்ணிகள் வழியே அது நழுவிவிடுகிறது. பிற நாடுகள் விழித்திருக்கின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018லேயே சில விளையாட்டுகளின் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், கென்ஷின் இம்பாக்டை வெளியிடும் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் செலுத்தவும், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோர் இசைவின்றிக் குலுக்கல் பெட்டி விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. முஸ்லிமல்லாத நாடுகளின் அலுவலகங்கள் கண்டுகொண்ட சூதை, அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை ஓதும் சமுதாயம் காணவில்லை என்றால் அது நமக்குப் பெருமையா?

அந்த வசனங்கள் சூதின் விளைவாகப் பகைமையையும் வெறுப்பையும் சொல்கின்றன. இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பதைச் சொல்கின்றன. நம் வீடுகளின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உழைக்கிறார். அவர் அனுப்பும் பணம் தாயின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அந்தக் கணக்கு இணைக்கப்பட்ட கைபேசிதான் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. இரகசிய எண் பிள்ளைக்குத் தெரியும். ஏனெனில் மின்கட்டணம் கட்டுவதும் அவனே. வெயிலில் வியர்வை சிந்தி ஈட்டிய ஹலாலான பணத்திற்கும் அம்புப் பைக்கும் இடையே நிற்பது நான்கோ ஆறோ இலக்கங்கள் மட்டுமே.

ஆகவே மேடையில் பேசும் பெரியோர்களுக்குப் பணிவாக ஒன்று: எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி ஹராம் என்று எறியாதீர்கள். வாளேந்தும் விளையாட்டும் சூதேந்தும் விளையாட்டும் ஒன்றென்று சொன்னால், வேறுபாடு அறிந்த பிள்ளை உங்கள் சொல் முழுவதையும் தள்ளிவிடுவான். நபி (ஸல்) அவர்கள் அம்பெய்யும் போட்டியை ஊக்குவித்தார்கள். அம்புகளால் குறிபார்ப்பதையும் சூதாடுவதையும் மார்க்கம் தடுத்தது. அம்பு ஒன்றுதான், செயல் வேறு. அந்த வேறுபாட்டைக் குத்பாவில் விளக்குங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. இன்றிரவு இஷாவுக்குப் பின் பிள்ளையின் அருகில் அமருங்கள். கைபேசியைப் பறிக்காதீர்கள். "ஐந்து பேர் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். "பின்வாங்கி ஒவ்வொருவராகப் பிரிப்பேன்" என்றால் அவனிடம் நேரத்தைப் பற்றியும் தொழுகையைப் பற்றியும் பேசுங்கள். "அந்தப் பாத்திரம் மட்டும் விழுந்துவிட்டால் போதும்" என்றால், கோபப்படாமல் அம்புப் பையின் கதையைச் சொல்லுங்கள். கல்லெறி வியாபாரத்தைச் சொல்லுங்கள். இரகசிய எண்ணை அன்றே மாற்றுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததிகளின் கண்களுக்குச் சூதை அதன் உண்மை வடிவில் காட்டுவாயாக! அதைக் காணும் கண்ணை எங்களுக்கும் தருவாயாக! ஆமீன்.