களவுக்கு ரசீது!

"அவன் மனையில் அவன் கட்டுகிறான், உனக்கென்ன?" என்று கேட்கிறார்கள். தோழர்களே, பக்கத்து வீட்டுக்காரனைக் கேளுங்கள்! வீட்டைச் சுற்றிச் சட்டம் விடச் சொல்லும் இடம் அழகுக்கல்ல. காற்றும் வெளிச்சமும் வருவதற்கு. தீப்பிடித்தால் வண்டி நுழைவதற்கு. வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டி அனுமதி வாங்குகிறான் பணக்காரன். பிறகு எல்லைவரை சுவரைத் தள்ளுகிறான், மேலே ஒரு மாடியும் ஏற்றுகிறான். அயலான் வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிகிறது.

அயலான் கோர்ட்டுக்கு ஓடுகிறான். சர்க்கார் என்ன செய்தது? 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998ல் 113-ஏ பிரிவை நுழைத்தது. கட்டணம் கட்டு, மீறலுக்கு விலக்கு! ஒரே ஒரு முறை என்றுதான் 2000ல் சுப்ரீம் கோர்ட் இதை விட்டுவைத்தது. கெடுவோ தள்ளிக்கொண்டே போயிற்று. ஆட்சி மாறியது, 2012ல் 113-சி வந்தது!

கட்டணம் யாருக்கு? கஜானாவுக்கு! வெளிச்சம் இழந்தவனுக்கு அதில் ஒரு தம்பிடி உண்டா?

சென்னையில் கூவம் கரைக் குடிசைவாசிகளிடம் இப்படி யாராவது ரசீதுப் புத்தகத்தை நீட்டினார்களா? 2017ல் அவர்களை லாரியில் ஏற்றி, பிழைப்பு நடந்த இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.