24 பீரங்கி 150 ஆச்சு... அப்புறமும் யமாட்டோ ஏன் தப்பவில்லை?

1941 டிசம்பர் 10. மலாயா கடலில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பலி 840. நகர்ந்துகொண்டே திருப்பிச் சுடும் கப்பலையும் விமானங்களால் மட்டுமே சாய்க்க முடியும் என்பது அன்று உறுதியானது.

பிறகென்ன, டெக்கில் காலியாக இருந்த இடத்திலெல்லாம் பீரங்கிதான். ஜப்பானின் யமாட்டோ 1941-ல் படையில் சேர்ந்தபோது 25 மி.மீ. விமான எதிர்ப்பு பீரங்கிகள் 24. 1945-ல் சுமார் 150. கேட்கவே மிரட்டலா இருக்குல்ல?

அந்த ஆண்டு ஏப்ரல் 7-ம் தேதி, ஒகினாவா நோக்கிப் போன யமாட்டோவை அமெரிக்க விமானங்கள் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டன. கப்பலில் இறந்தவர்கள் சுமார் 3,000 பேர். அமெரிக்கா இழந்தது 10 விமானங்கள். அவ்ளோதான்.

பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை. அந்த 25 மி.மீ. பீரங்கியின் தோட்டாப் பெட்டியில் இருப்பது 15 குண்டு. சில நொடிகளில் காலி. கழற்றி வேறு மாட்ட வேண்டும். குண்டும் சின்னது. விமானம் கிட்டே வந்த பிறகுதான் வேலைக்கு ஆகும், அதற்குள் அது டார்பிடோவைப் போட்டுவிட்டுப் போயிருக்கும்.

அமெரிக்காவும் பீரங்கிகளைக் குவிக்கத்தான் செய்தது. ஆனால் அது தேர்ந்தெடுத்தது ஸ்வீடனின் 40 மி.மீ. போஃபர்ஸ். மேலிருந்து நான்கு நான்காகக் குண்டு போட்டுக்கொண்டே இருக்கலாம், சுடுவது நிற்காது. குறி பார்க்க ரேடார் வேறு.

இன்னும் முக்கியம், 5 அங்குல பீரங்கிக் குண்டில் வந்த மாற்றம். முன்பெல்லாம் விமானம் எத்தனை நொடியில் எங்கே இருக்கும் என்று கணித்து, குண்டு வெடிக்கும் நேரத்தை முன்கூட்டியே செட் பண்ண வேண்டும். அரை நொடி பிசகினாலும் வீண். புதிய குண்டின் மூக்கில் ஒரு குட்டி ரேடியோ. அலை விமானத்தில் பட்டுத் திரும்பினால், பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தானே வெடிக்கும். 1943 ஜனவரியில் குவாடல்கெனால் அருகே ஹெலினா கப்பல் இதை வைத்து முதல் விமானத்தை வீழ்த்தியது.

போர்க்கப்பல் என்றாலே எத்தனை பீரங்கி, எத்தனை ஏவுகணை என்று கிராஃபிக்ஸ் போடுவது இன்றும் வழக்கம். அந்தக் கணக்கில் இதெல்லாம் தெரியாது.

அதற்காக அமெரிக்கக் கப்பல்கள் பத்திரமாக இருந்தன என்றும் இல்லை. தற்கொலைத் தாக்குதலுக்கு வரும் காமிகாசி விமானியைப் பயமுறுத்தி விரட்ட முடியாது. 20 மி.மீ. குண்டு துளைத்தாலும் விமானம் அதே வேகத்தில் கப்பல் மேல் வந்து விழும். ஒகினாவா போரில் அமெரிக்கக் கடற்படையினர் 4,900-க்கும் அதிகமானோர் இறந்தனர். கடைசியில் சில டெஸ்ட்ராயர்களில் டார்பிடோ குழாய்களையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் போஃபர்ஸ் வைத்தார்கள்.