கையை விரித்த பிறகு
(தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயருக்கு ஒரு திறந்த மடல்)



சென்ற மாதம் எங்கள் சபையார் நால்வர் என் கிளினிக்குக்கு வந்து, கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்து, ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியும் மயிலாப்பூரில் கல்யாணி ஆஸ்பத்திரியும் இருப்பதுபோல் பாடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேண்டாமா, வயதில் மூத்த டாக்டராகிய நீங்கள் எழுதினால் பேராயர் தட்டமாட்டாரே என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன், அதன்படியே எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டதை நான் கேட்கப்போவதில்லை. ஆகையால் அவர்களும் வாசிக்கட்டும் என்று இதைத் திறந்த மடலாக்கினேன்.

1979-இல் நான் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் ஓட்டுக்கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தபோது, தொழிற்பேட்டைக்கு வயது பதினைந்து. பவர் பிரஸ்ஸில் அகப்பட்ட விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கூடவே சைக்கிள் மிதித்த தோழனின் தோளைப் பற்றியபடி வருகிற பையன்களுக்குத் தையல் போட்டே என் வாலிபம் கழிந்தது. இன்று லேத்துப் பட்டறைகள் நின்ற இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போயிற்று. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. ஆஸ்பத்திரிகளோ பிரதான சாலை நெடுக நகைக்கடைகளைப்போல் விளக்கேற்றிக்கொண்டு நிற்கின்றன. அந்த வரிசையின் கோடியில் சிலுவை பொறித்த இன்னொரு கட்டடத்தை எழுப்பி, அதற்கு வாங்கிய கடனை அடைக்க நாமும் தேவையற்ற ஸ்கேன்களை எழுதிக்கொடுக்கும் நிலைமைக்கு வருவதானால், சிலுவையைப் பொறிக்காமல் விடுவது மேல்.

மிஷன் வைத்தியம் என்று நம் ஜனங்கள் மரியாதையோடு சொன்னார்களே, அந்த மரியாதை எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. கட்டடத்துக்கு அல்ல. 1902-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியில் இருந்தவை நாற்பது படுக்கைகள்தாம். ஆண் வைத்தியர் தொடலாகாது என்ற ஆசாரத்தினால் ஸ்திரீகள் பிரசவ அறையிலேயே மாண்டுபோவதை ஊரார் விதியென்று ஒப்புக்கொண்டு கையை விரித்திருந்த காலத்தில், அந்த அடைத்த கதவுக்காகவே ஒருவர் வைத்தியம் படித்துத் திரும்பி வந்தார் என்பதுதான் அந்த மரியாதைக்கு மூலம். 1946-இல் அங்கே வந்துசேர்ந்த பால் பிராண்டு, கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். தொழுநோயாளிக்குப் பொது ஆஸ்பத்திரிகள் படுக்கை கொடுக்கத் தயங்கிய அந்நாளில் அவர்களுடைய மடங்கிப்போன விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தியதோடு நில்லாமல், அவ்விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் காயம்பட்டுக் காயம்பட்டுத் தேய்ந்துபோகின்றன என்பதையும் கண்டார். தூக்கத்தில் எலி கடிப்பதைக்கூட அவர்கள் அறிவதில்லை என்று தெரிந்தபின், வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார். பூனையையும் ஒரு மருந்தாகக் கருதத் தெரிந்த அந்த மனத்தை நான் எந்தப் பட்டத்துக்கும் மேலாக மதிக்கிறேன். பின்னர் 1986-இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் சேகரிக்கச் செய்த ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இந்நாட்டில் முதன்முதலாகத் தென்பட்டபோது, அந்த ரத்தம் பரிசோதிக்கப்பட்டதும் வேலூரில்தான். பெயரைச் சொல்லவே ஜனங்கள் அஞ்சிய வியாதி அது.

இப்போது காலம் மாறிவிட்டது. 1909 முதல் ஐடா அம்மையார் மோட்டார் வண்டியில் மருந்துப்பெட்டியை ஏற்றிக்கொண்டு சாலையோர மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த வைத்தியத்தை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ்ச் சர்க்கார் ஊழியர்கள் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். என்னிடம் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வந்துகொண்டிருந்த கிழவிகளில் பாதிப்பேர் இப்போது மாத்திரையை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. நாம் தொடங்கிய காரியத்தை ராஜ்யமே ஏற்று நடத்துகிறதென்றால், நாம் அடுத்த கதவைத் தேடிப் போகவேண்டும் என்று பொருள்.

அந்தக் கதவு எது என்பதை எனக்குக் காட்டியவர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்த ஒரு டர்னர். வாலிபத்தில் என்னிடம் தையல் போட்டுக்கொண்டவர். அறுபதாவது வயதில் வாய்ப்புற்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேமிப்பெல்லாம் கரைந்தபின், டாக்டர் கையை விரித்துவிட்டார், வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார் என்று அவர் மனைவி வந்து நின்றாள். வீடு என்பது சமையலும் படுக்கையும் ஒன்றான ஓர் அறை, அதுவும் வாடகைக்கு. வீட்டுக்காரர் பொல்லாதவரல்லர், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் தம் வீட்டில் சாவு விழக்கூடாதே என்று தயங்கித் தயங்கி, ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் நல்லதல்லவா என்று அந்த அம்மாளிடம் சொன்னார். இரவெல்லாம் அந்த மனிதர் வலியால் முனகிய சத்தம் பக்கத்துக் குடித்தனங்களுக்குக் கேட்டது. நான் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் அந்த வலிக்குத் தூசு. மார்பின் என்னிடம் இல்லை. அதை வைத்திருக்க அங்கீகாரம் பெறவேண்டும் என்று இத்தனை வருஷங்களில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வேன் பிடித்துத் திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் புறப்பட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் உயிர் போயிற்று.

ஐயா, பட்டரவாக்கத்திலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் ஒற்றை அறைக் குடித்தனங்களில் இப்படிக் கிடப்பவர்கள் அநேகர். குணப்படுத்த முடியாது என்றதும் வைத்தியசாஸ்திரம் வெளியே போய்விடுகிறது. வலியோ போவதில்லை. லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவ வைத்தியர் தமது புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். நமக்கு அடுத்த வீடாகிய கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் தொடங்கிய வலிதணிக்கும் வேலை, அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்கள் தோள்கொடுத்ததால் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் இந்தியாவிலேயே முதலாவதாக அந்த ராஜ்யம் அதற்கென்று ஒரு கொள்கையை வகுக்கும் அளவுக்கு வளர்ந்தது. மார்பின் மாத்திரை விலை உயர்ந்ததுமல்ல. 1985-ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தை 2014-இல் திருத்தியபின், முன்போல் நாலைந்து லைசென்சுக்கு நாலைந்து ஆபீஸ் ஏறி இறங்கவும் வேண்டியதில்லை.

நான் கேட்பது இத்தகையோருக்குப் பத்துப் படுக்கைகள் கொண்ட ஓர் இல்லம். நம் ஆலய வளாகங்களில் ஏதேனும் ஒன்றில், கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடுகிற மண்டபத்தையோ, பூட்டிக் கிடக்கும் பழைய குருமனையையோ கொடுத்தால் போதும். ஆட்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. டாங்கித் தொழிற்சாலை ஆஸ்பத்திரியிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் வேலை பார்த்து ரிடையரான நர்ஸம்மாக்கள் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இளம் வைத்தியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2017-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நீட் தேர்வின் வழியாக மட்டும் மாணவரைச் சேர்க்க மனமின்றி நூறு இடங்களில் ஒரே ஒருவரைச் சேர்த்துக்கொண்டதும், 2020 ஏப்ரல் 29-இல் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததும் தாங்கள் அறிந்தவையே. நேர்முகம் வைத்து ஊழியத்துக்கு ஏற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய முறை தளர்ந்ததே என்று நானும் வருந்தினேன். ஆனாலும் எந்தப் பரீட்சை எழுதி வந்த பையனாயினும், எந்த மதத்துப் பெண்ணாயினும், மூன்று மாதம் இந்தப் பத்துப் படுக்கைகளின் அருகே நின்றால், நேர்முகத்தில் நாம் தேடிய குணத்தில் கொஞ்சமாவது தானே முளைக்கும் என்று நம்புகிறேன்.

இனி, நம்மவர் பேசத் தயங்குவதைப் பேசுகிறேன். நான் பயிற்சி பெற்ற மிஷன் ஆஸ்பத்திரியில் காலை ஜெபம் முடிந்த பிறகே டோக்கன் கொடுப்பார்கள். நோயாளிகள் பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். டோக்கனுக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று புரிய எனக்கு நரை விழவேண்டியிருந்தது. வலியில் கிடப்பவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. தனக்கு மருந்து கொடுக்கும் கையை அவன் எப்படி மறுப்பான்? கிறிஸ்தவ வைத்தியம் என்றாலே மதமாற்றம் என்று சந்தேகிக்கும் காலம் இது; அந்தச் சந்தேகத்தில் அநியாயம் மிகுதி. அதற்காக நம் பக்கத்தில் தப்பே இல்லை என்று சொல்ல என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் நான் கையைக் கழுவும்போது மனத்துக்குள் ஜெபித்துக்கொள்கிறேன். நோயாளி கேட்டால் மட்டுமே வாய் திறந்து. ஆகவே அந்த இல்லத்தின் சுவர்களில் வசனப்பலகை வேண்டாம், தலைமாட்டில் துண்டுப்பிரதி வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அங்கே சாகிறவர்களில் பெரும்பாலோர் நம் சபையாராக இருக்கமாட்டார்கள். அவர்கள் உறவினர் வந்து, வாசலில் பாடை கட்டி, சங்கு ஊதி, பறை முழக்கி எடுத்துச் செல்ல விரும்புவார்கள். ஒரு முஸ்லிம் பெரியவருக்கு ஜனாஸா வரும். வாடகை வீட்டில் கிடைக்காத அந்த வாசலை நாம் கொடுக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பத்தின் சாரம். ஆலய வளாகத்துக்குள் சங்கு ஊதலாமா என்று கமிட்டியில் ஒருவர் எழுந்து கேட்பார். என்னிடம் வந்த நால்வரில் ஒருவரே கேட்பார். இடம், பணம், மார்பின், நர்ஸ் ஆகியவற்றைப் பற்றி நாங்கள் அலைந்து பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு கேள்விக்குத் தாங்கள் கையெழுத்திட்டு இப்போதே விடை எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
அம்பத்தூர் வைத்தியன்