மல்லி ஏறினால் கோழிக்கொண்டை ஏறுமா?

எழுமலையில் பென்ஷன்காரர் இருவர் சேர்ந்தால் முதலில் சர்க்கரை அளவு, பிறகு அகவிலைப்படி. இப்போது மூன்றாவதாக பேங்க் நிஃப்டியும் சேர்ந்துவிட்டது. டீமேட் கணக்கு திறந்து கொடுக்கப் பேரன் இருக்கிறான். எதை வாங்குவது என்று சொல்ல வாட்ஸ்அப் இருக்கிறது. அதில் அடிக்கடி வரும் ஒரு யோசனையோடுதான் எனக்குச் சண்டை.

"வங்கித் துறை ஏறுது சார். இந்த வங்கிப் பங்கு மட்டும் இன்னும் ஏறலை. பின்தங்கி நிக்குது, எட்டிப் பிடிச்சிடும். வாங்கிப் போடுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கிராஜுவிட்டிப் பணம் கரைவது இப்படிப்பட்ட நியாயங்களில்தான்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முகூர்த்த நாளன்று மல்லி எகிறினால் "பூ விலை ஏறிடுச்சு" என்கிறோம். கோழிக்கொண்டை மூட்டையோடு வந்த விவசாயிக்கு அதனால் என்ன கிடைத்தது? துறைக் குறியீட்டெண்ணும் அப்படித்தான். எந்த நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் அதிக மதிப்புக்குக் கைமாறக் கூடியவையோ, அதற்கே அதிக எடை. பேங்க் நிஃப்டியில் எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. என்ற இரண்டு வங்கிகளுக்கு மட்டும் பல வருடங்களாக ஏறக்குறையப் பாதி எடை இருந்தது. இது சரியில்லை என்று செபியே 2025 அக்டோபரில் வரம்பு கட்டியது. பேங்க் நிஃப்டி போன்ற குறியீட்டெண்களில் குறைந்தது 14 பங்குகள் வேண்டும், ஒன்றின் எடை 20 சதவீதத்தையும் முதல் மூன்றின் எடை 45 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்றது. சரி, கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, தூத்துக்குடி மெர்க்கன்டைல் வங்கி எல்லாம் அதில் எங்கே இருக்கின்றன? அந்தப் பட்டியலிலேயே இல்லை! பிறகு அதைப் பார்த்து இவற்றை வாங்கு என்றால் என்ன கணக்கு?

லட்சுமி விலாஸ் வங்கியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ல் கரூர் வணிகர்கள் தொடங்கியது. 2020 நவம்பரில் பேங்க் நிஃப்டி அந்த ஒரே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. பின்தங்கி நிற்கும் பங்கு என்று தேடியிருந்தால் இதுதான் முதலில் அகப்பட்டிருக்கும். அதே மாதம் 17-ம் தேதி, தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. 27-ம் தேதி டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். பாதி விலைகூட இல்லை ஐயா, பூஜ்யம்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு இணைப்பு நினைவிருக்கும். கருமுத்து தியாகராசர் நிறுவிய பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யோடு சேர்ந்தபோது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கொடுத்தார்கள். இரண்டும் நம் பக்கத்து வங்கிகள், இரண்டும் ஒரே துறை. ஒன்றில் ஒன்றுக்கு இரண்டு, மற்றதில் ஒன்றுமே இல்லை. வித்தியாசம் அந்தந்த வங்கியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பங்குச் சந்தைக்கும் பணப்பைக்கும் ஒரே சொல்தான்: 'பூர்ஸ்'. மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கும் அதே சொல். நம் ஆட்கள் இந்த மூன்றாவது அர்த்தத்தை நம்பி உள்ளே போகிறார்கள் போலிருக்கிறது.

மற்ற துறைகளிலும் இதே கதை. 2017 ஜூலை 18 அன்று சிகரெட் மீதான கூடுதல் வரியால் ஐ.டி.சி. பங்கு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதன் எடையால் நுகர்பொருள் குறியீட்டெண்ணும் சரிந்தது. சோப்பும் பிஸ்கட்டும் விற்பவன் என்ன பாவம் செய்தான்?

குறியீட்டெண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பங்கு விழும்போது துறையே விழுகிறதா, இது மட்டும் விழுகிறதா என்று பார்க்க அது உதவும். துறை ஏறி இது மட்டும் கிடந்தால் அது சந்தேகப்பட வேண்டிய இடம். அந்த இடத்தில்தான் "மலிவு" என்று வாங்கச் சொல்கிறார்கள். 2022-23-ல் பங்குகளில் தினவர்த்தகம் செய்தவர்களில் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டம் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. அந்த ஏழு பேருக்கும் யாரோ ஒருவர் இப்படி ஏதாவது சொல்லித்தான் இருப்பார்.

தேசியப் பங்குச் சந்தை ஒவ்வொரு குறியீட்டெண்ணுக்கும் மாதாமாதம் விவரத்தாள் வெளியிடுகிறது. காசு இல்லை. பேரனிடம் சொன்னால் எடுத்துத் தருவான். அதிக எடையுள்ள பங்குகள் எவை, எவ்வளவு எடை என்று அதிலேயே இருக்கும். அடுத்த முறை யோசனை சொல்ல வருபவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். நீங்கள் சொல்லும் பங்கு இந்தக் குறியீட்டெண்ணில் இருக்கிறதா? இருந்தால் அதன் எடை என்ன? பதில் வந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.