ஏழையின் சோறும் நகர சபையின் கணக்கும்

ஒரு நகர சபை ஏழைகளுக்குச் செய்யும் ஊழியத்தை அதன் தீர்மானங்களைக் கொண்டு அளப்பது வழக்கம். அதன் கணக்குப் புஸ்தகத்தைக் கொண்டு அளப்பதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். தீர்மானம் ஒரு நாளில் நிறைவேறிவிடும். பணமோ வருஷந்தோறும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

சென்னை நகரத்தின் சரித்திரமே இதற்குச் சாக்ஷி. 1920-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த நகர சபை, ஆயிரம் விளக்கிலுள்ள தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிப்பதென்று தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகலாகாது என்பது நிபந்தனை. செட்டியாரின் கட்சியை ஒப்புக்கொள்ளாதவர்களும் இக்காரியத்தைப் புகழாமலிருக்க முடியாது. ஏற்பாடு வேறு சில பள்ளிக்கூடங்களுக்கும் பரவிற்று. ஆனால் 1925-ல், ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாதென்று அந்நிய சர்க்கார் தடுத்துவிட்டது. பிள்ளைகளின் பசி தீர்ந்துவிட்டதால் அன்று, கணக்கின் தலைப்புச் சரியில்லை என்பதால் சோற்றுக்குத் தடை வந்தது!

அந்நிய ஆட்சி 1947-ல் ஒழிந்தது. கணக்கின் குறை ஒழிந்ததா? 2013-ம் வருஷம் பிப்ரவரியில் இதே நகர சபை மலிவு விலையில் ‘அம்மா உணவகங்களை’ ஆரம்பித்தது. இட்டிலி ஒரு ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. மூட்டை சுமப்போரும் வண்டி ஓட்டுவோரும் மானத்தோடு உட்கார்ந்து உண்டனர். நல்ல காரியம், மறுப்பாரில்லை. ஆனால் விலைக்கும் செலவுக்குமுள்ள பள்ளத்தை நிரப்பியது எது? நகர சபையின் பொதுநிதி. பெயரும் புகழும் ஆளுங்கட்சித் தலைவருக்கு. பற்றாக்குறை நகர சபைக்கு.

அப்பொதுநிதியின் பெரிய ஊற்று சொத்து வரி. 1998-க்குப் பின் 24 வருஷங்கள் சென்னையில் அவ்வரி நிலையாகத் திருத்தப்படவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், 2019-ல் நிறுத்திவைத்தார்கள். 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை, ஏன் என்று கேட்பதற்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினரே சபையில் கிடையாது. பிறகு 2022 ஏப்ரலில், பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் ஒரே மூச்சில் உயர்த்தினார்கள். பெரிய வீட்டுக்குப் பெரிய பங்கு என்பது நியாயமே. இத்தனை காலம் உறங்கியதுதான் அநியாயம். அவ்வுறக்கத்தால் அதிக லாபமடைந்தவர் மாளிகைவாசியேயன்றிக் குடிசைவாசியல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1992-ம் வருஷத்து 74-வது அரசியல் சாஸனத் திருத்தம் நகர சபைகளுக்குரிய 18 காரியங்களை அட்டவணையிட்டது. சேரிச் சீர்திருத்தமும் வறுமை நிவாரணமும் அவற்றில் அடக்கம். ஆனால் அதிகாரமும் வரியும் தரும் இடத்தில் ராஜ்ய சட்டசபைகள் ‘தரலாம்’ என்றிருக்கிறதேயொழிய ‘தரவேண்டும்’ என்றில்லை. ‘லாம்’ என்ற அந்த இரண்டெழுத்தில் ஏழையின் உரிமை தொங்கிக்கொண்டிருக்கிறது.

வழியில்லாமலில்லை. 1948-ல் சென்னைச் சட்டசபை பொது நூல்நிலையச் சட்டத்தை நிறைவேற்றி, வீட்டு வரியோடு நூலகங்களுக்கென ஒரு மேல்வரியையும் ஏற்படுத்திற்று. புஸ்தகத்துக்கு இப்படி ஒரு பங்கு சட்டத்தால் நிச்சயிக்கப்பட்டிருக்கும்போது, சோற்றுக்கும் மருந்துக்கும் குழந்தைகளின் பராமரிப்புக்கும் ஏன் இருக்கலாகாது? சொத்து வரியில் ஒரு நிலையான பங்கு, அதற்குத் தனிக் கணக்கு, வட்டாரந்தோறும் வருஷத்துக்கொருமுறை அதன் வரவு செலவுப் பிரசுரம் — நாம் கேட்பது இம்மூன்றே. சர்க்கார் தன் பெயரால் செய்யச் சொல்லும் காரியத்துக்கு அதன் பொக்கிஷமே முழுப் பணமும் தரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

“வரி கொடாதவனுக்கு உரிமை ஏது?” என்று சிலர் கேட்பார்கள். ஒற்றை அறையில் வாடகைக்கிருப்பவன் கொடுக்கும் வாடகைக்குள்ளே வீட்டுக்காரரின் வரியும் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறியாரோ? ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கலாம், பணம் ஏழையினுடையது.

ஆகையால், வட்டாரங்களில் ஊழியம் செய்யும் நண்பர்களே! ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ‘என்ன செய்வீர்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘எந்தக் கணக்கிலிருந்து?’ என்றும் கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரியாதவர் தரும் வாக்கு, 1925-ல் நின்ற சிற்றுண்டியைப் போலவே ஒரு குமாஸ்தாவின் குறிப்பால் நின்றுபோகும்.